ஒண்டுக்குடித்தனத்தில் இன்டர்பிரட்டர்கள்: ஒரே சி நிரலுக்குள் பல ஸ்கிரிப்ட்களைப் பத்திரமாக ஓட்டுவது எப்படி

பெங்களூர் பீனியா தொழிற்பேட்டையில் ஒரு சிறிய நிறுவனத்தில் எனக்கு வேலை. மின்மீட்டர்களைச் சோதிக்கும் மேசைகள் செய்து கொடுக்கிறோம். ஒரு மேசையில் 12 இடங்கள். இடத்துக்கு ஒரு மீட்டர். மொத்த மேசையையும் ஓட்டுவது ஒரே ஒரு சி நிரல். ஆனால் எந்த மாடலுக்கு எத்தனை ஆம்பியர் கொடுப்பது, எத்தனை விநாடி காத்திருப்பது, பிழை எவ்வளவுக்குள் இருந்தால் பாஸ் என்பதெல்லாம் வாரத்துக்கு ஒருமுறை மாறும். ஒவ்வொரு முறையும் சி நிரலைக் கம்பைல் செய்துகொண்டிருந்தால் பிழைப்பு ஓடாது. அதனால் அந்தப் பகுதியை மட்டும் லுவா என்ற சிறு மொழியில் ஸ்கிரிப்டாக எழுதி, சி நிரலுக்குள்ளேயே லுவா இன்டர்பிரட்டரை (ஸ்கிரிப்டை அப்படியே படித்து ஓட்டும் பகுதி) உட்காரவைத்து ஓட்டுகிறோம்.

சேலத்திலிருந்து புதிதாக வந்து சேர்ந்த தம்பி ஒருவன் முதல் வாரமே கேட்டான்: “அண்ணா, எல்லாத்துக்கும் ஒரே லுவா போதுமே, எதுக்கு பன்னிரண்டு?” அவனுக்கு டீ நேரத்தில் துண்டு துண்டாகச் சொன்னதைத்தான் இங்கே கோத்து எழுதுகிறேன். சி ஓரளவு வரும், ஆனால் இன்டர்பிரட்டரை உள்ளே வைத்துப் பழக்கமில்லை என்பவர்களுக்கு இது உதவும். பெரும்பாலும் லுவா 5.4 ஐ வைத்துச் சொல்கிறேன். பெர்ல், பைத்தான் வைத்திருப்பவர்களுக்குப் பின்னால் தனியாக வருகிறேன். ஃபங்ஷன் பெயர்களையும் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். கையேட்டைத் திறந்து வாய்விட்டுப் படித்தால் எது எதுவென்று பிடிபட்டுவிடும்.

ஒன்று ஏன் போதாது

ஆரம்பத்தில் எங்களிடமும் ஒரே ஒரு லுவா ஸ்டேட்தான், அதாவது ஓடும் இன்டர்பிரட்டர் ஒன்றுதான், இருந்தது. லுவாவில் ‘லோக்கல்’ என்று சொல்லாமல் ஒரு மாறியை எழுதினால் அது குளோபல் ஆகிவிடும். மூன்றாம் இடத்தில் வகுப்பு 0.5எஸ் மீட்டர் (பிழை 0.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டியது), அதன் ஸ்கிரிப்ட் ‘லிமிட்’ என்ற மாறியில் 0.5 வைத்தது. ஏழாம் இடத்தில் வகுப்பு 1 மீட்டர். அதன் ஸ்கிரிப்ட் அதே பெயரில் 1.0 வைத்தது. இரண்டு பேரும் ‘லோக்கல்’ போட மறந்திருந்தார்கள். பின்னால் வந்தவர் எழுதியதே நின்றது. ஃபெயில் ஆக வேண்டிய 0.5எஸ் மீட்டர் ஒன்று பச்சை விளக்கோடு வெளியே போனது. நல்ல மீட்டர் ஃபெயில் ஆகியிருந்தாலாவது யாராவது கத்தியிருப்பார்கள். கெட்ட மீட்டர் பாஸ் ஆனால் யாரும் கத்த மாட்டார்கள். அதுதான் வயிற்றைக் கலக்கியது.

இங்கே புதியவர்கள் விழும் முதல் குழி: லுவா_நியூத்ரெட் என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. பெயரைப் பார்த்து, இடத்துக்கு ஒன்று இதில் உருவாக்கினால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பார்கள். தீராது. அது உருவாக்குவது ஒரு கோரூட்டின், அதாவது அதே ஸ்டேட்டுக்குள் பாதியில் நிறுத்தித் தொடரக்கூடிய ஓர் ஓட்டம். அதற்குத் தனி ஸ்டாக் உண்டு; குளோபல்கள், குப்பை அள்ளும் வேலை (இனி தேவையில்லாத நினைவகத்தைத் திரும்ப எடுப்பது), நினைவகம் எல்லாம் பழைய ஸ்டேட்டோடு கூட்டுச் சொத்து. இயங்குதளம் இணையாக ஓட்டும் த்ரெட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. தனிக்குடித்தனம் வேண்டும் என்றால் லுவாஎல்_நியூஸ்டேட் அல்லது லுவா_நியூஸ்டேட்தான். ஒவ்வொரு முறை அழைக்கும்போதும் முற்றிலும் புதிய இன்டர்பிரட்டர் ஒன்று பிறக்கும். சில பத்து கிலோபைட்தான் செலவு. 12 வைத்துக்கொள்வது ஒரு பாரமே இல்லை.

குழாயடி யாருடையது

தனி ஸ்டேட் என்றதும் எல்லாமே தனி என்று நினைத்துவிடக் கூடாது. ஸ்ரீராமபுரம், அல்சூர் பக்கம் பழைய ‘வட்டாரா’ வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். நம் ஊரில் ஒண்டுக்குடித்தனம் என்போம். ஆளுக்கு ஓர் அறை, தனிப் பூட்டு. ஆனால் குழாய் ஒன்று, மெயின் சுவிட்ச் ஒன்று, தெருக்கதவு ஒன்று. ஒரு ப்ராசஸுக்குள் (ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரலுக்குள்) பல இன்டர்பிரட்டர்கள் வாழ்வதும் அப்படித்தான். எழுத ஆரம்பிப்பதற்கு முன் ஒரு தாளில் பொதுச் சொத்துக்களைப் பட்டியல் போடுங்கள். என் தாளில் இருப்பது இவ்வளவு: நடப்பு டைரக்டரி, சூழல் மாறிகள், லோகேல் (எண், தேதி எழுதும் நாட்டு வழக்கு), சிக்னல் ஹேண்ட்லர்கள், திறந்திருக்கும் ஃபைல் எண்கள், திரையில் அச்சிடும் வழி, கடைசியாக ‘எக்ஸிட்’. இதில் எதை ஒரு ஸ்கிரிப்ட் தொட்டாலும் மற்ற பதினொன்றுக்கும் அது தெரியும்.

லோகேலைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், பட்டவன் என்ற முறையில். ஒருமுறை ஜெர்மன் அறிக்கை வடிவம் கேட்டார்கள் என்று ஒரு ஸ்கிரிப்டில் யாரோ ஓஎஸ்.செட்லோகேல் அழைத்து ஜெர்மன் மொழியைப் போட்டுவிட்டார்கள். ஜெர்மனியில் தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி. அந்த நொடியிலிருந்து எங்கள் சி நிரலில் இருந்த எஸ்டிஆர்டிஓடி (எழுத்தை எண்ணாக மாற்றும் ஃபங்ஷன்), அளவுமானியிலிருந்து வந்த “229.8” என்பதைப் புள்ளி வரை படித்து 229 என்று திருப்பியது. லுவாவுக்குள் எல்லாம் சரியாகவே தெரிந்தது, ஏனென்றால் லுவா எண்ணைப் படிக்கும்போது புள்ளிக்குப் பதில் லோகேலின் குறியை வைத்தும் ஒருமுறை முயன்று பார்க்கும். சி பக்கம் மட்டும் தசமம் காணாமல் போயிற்று. ஒன்றரை நாள் அளவுமானியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம், பாவம்.

ஆகவே லுவாஎல்_ஓபன்லிப்ஸ் என்று எல்லா நூலகங்களையும் ஒரே வரியில் திறக்காதீர்கள். உதாரண நிரல்கள் எல்லாவற்றிலும் அந்த வரி இருக்கும். அது படிப்பதற்கு, உற்பத்திக்கு அல்ல. லுவாஎல்_ரிக்வயர்எஃப் வைத்து அடிப்படை, ஸ்ட்ரிங், டேபிள், மேத் என்று தேவையானதை மட்டும் திறங்கள். ஓஎஸ், ஐஓ, டீபக், பேக்கேஜ் வேண்டாம். நேரம் வேண்டும் என்று கேட்டால் நீங்களே ஒரு சிறு ஃபங்ஷன் எழுதிக் கொடுங்கள். ஓஎஸ்.எக்ஸிட் என்பது நேராக சியின் எக்ஸிட்டையே அழைக்கும். ஒரு இடத்தின் ஸ்கிரிப்ட் முடிந்தது என்று யாராவது அதை எழுதினால் 12 இடமும் இருட்டாகிவிடும்.

அடிப்படை நூலகத்திலும், நிரலை ஏற்றும் டூஃபைல், லோட்ஃபைல், லோட் மூன்றையும் எடுத்துவிடுங்கள். கம்பைல் செய்த பைட்கோடை லுவா சரிபார்ப்பதில்லை. வேண்டுமென்றே கெடுத்த பைட்கோடு இன்டர்பிரட்டரையே விழவைக்கும் என்று கையேடே சொல்கிறது. ஸ்கிரிப்டை நீங்கள் ஏற்றும்போதும் லுவாஎல்_லோட்பஃபர்எக்ஸ் பயன்படுத்தி, கடைசி இடத்தில் ‘டி’ (‘டெக்ஸ்ட்’ என்பதன் முதல் எழுத்து) என்று கொடுங்கள். எழுத்து வடிவ ஸ்கிரிப்ட் மட்டும்தான் உள்ளே வரும்.

பிரிண்ட் ஃபங்ஷனையும் மாற்றிவிடுவது நல்லது. 12 பேர் ஒரே திரையில் கத்தினால் யார் குரல் என்றே தெரியாது. எங்கள் பிரிண்ட் வரிக்கு முன்னால் இட எண்ணைச் சேர்த்துப் பதிவேட்டில் எழுதும். (பழைய 5.3 வைத்திருப்பவர்களுக்கு ஒரு உபரித் தகவல்: அதில் மேத்.ரேண்டம் சியின் பொது ரேண்டத்தைத்தான் பயன்படுத்துகிறது. 5.4 இல் ஒவ்வொரு ஸ்டேட்டுக்கும் தனி.)

அறைக்கு ஒரு சாவி

இனி அமைப்பு. இடத்துக்கு ஒரு ஸ்ட்ரக்ட் வைத்துக்கொள்ளுங்கள். அதில் லுவா ஸ்டேட்டின் பாயிண்டர், அதை ஓட்டும் த்ரெட், செய்தி வரிசை, இதுவரை எடுத்த நினைவகத்தின் கணக்கு, கெடு நேரம், ‘நிறுத்து’ என்று சொல்லும் ஒரு அட்டாமிக் கொடி. இவ்வளவும் ஒரே இடத்தில்.

லுவாவுக்குள் பூட்டு கிடையாது. வெவ்வேறு ஸ்டேட்களை வெவ்வேறு த்ரெட்கள் ஒரே நேரத்தில் ஓட்டலாம், தடையில்லை. ஒரே ஸ்டேட்டை இரண்டு த்ரெட்கள் ஒரே நேரத்தில் தொட்டால் என்ன வேண்டுமானாலும் நடக்கும். பூட்டுப் போட்டு மாறி மாறித் தொடலாம்தான். செய்யாதீர்கள் என்பேன். எந்த த்ரெட் ஸ்டேட்டைப் பிறப்பித்ததோ அதுவே ஓட்ட வேண்டும், அதுவே மூட வேண்டும். இதை ஒரு விதியாக வைத்துவிட்டால், பாதி பிழைகள் பிறக்கவே பிறக்காது. அந்த விதியைச் சோதிக்க ஒவ்வொரு நுழைவிலும் பித்ரெட்_ஈக்வல் வைத்து ஒரு அஸர்ட் போடுங்கள். தம்பி அதைப் போட்ட அன்று மாலையே நிரலின் இரண்டு வரிகளில் அடித்தது. இரண்டும் நான் எழுதியவை.

சரி, ஒரு ஸ்டேட்டில் இருக்கும் விவரம் இன்னொன்றுக்கு வேண்டும் என்றால்? லுவா_எக்ஸ்மூவ் என்று ஒன்று கண்ணில் படும். அது ஒரே ஸ்டேட்டின் கோரூட்டின்களுக்கு இடையே மட்டும்தான். வேறு ஸ்டேட்டின் டேபிளையோ ஃபங்ஷனையோ இங்கே கொண்டுவர வழியே இல்லை, இருக்கவும் கூடாது. எல்லையைத் தாண்டுவது வெறும் பைட்டுகளாக இருக்கட்டும்: எண், ட்ரூ ஃபால்ஸ், நீளத்தோடு கூடிய ஸ்ட்ரிங். அனுப்புபவர் மால்லாக் செய்த இடத்தில் நகலெடுத்து வரிசையில் போட வேண்டும், பெறுபவர் தன் ஸ்டேட்டுக்குள் லுவா_புஷ்எல்ஸ்ட்ரிங் செய்துவிட்டு அதை ஃப்ரீ செய்ய வேண்டும். லுவா_டூஎல்ஸ்ட்ரிங் திருப்பும் பாயிண்டரை அப்படியே அனுப்பிவிடும் ஆசை வரும். அந்த ஸ்ட்ரிங்கை அதன் சொந்தக்காரர் குப்பையில் போட்டதும் உங்கள் பாயிண்டர் காற்றைக் காட்டும்.

லுவாவிலிருந்து அழைக்கப்படும் உங்கள் சி ஃபங்ஷனுக்கு, தான் எந்த இடத்துக்காக ஓடுகிறோம் என்று எப்படித் தெரியும்? குளோபல் மாறியில் ‘நடப்பு இடம்’ என்று எழுதிவைப்பவர்கள் உண்டு. 12 த்ரெட்கள் ஓடும்போது அது யாருடைய நடப்பு? லுவா 5.3 முதல் லுவா_கெட்எக்ஸ்ட்ராஸ்பேஸ் இருக்கிறது. ஒவ்வொரு ஸ்டேட்டோடும் ஒரு பாயிண்டர் அளவுக்கு ஓர் இடம் ஒட்டியே வரும். ஸ்ட்ரக்டின் முகவரியை ஸ்டேட் பிறந்தவுடனே அதில் எழுதிவிடுங்கள். கோரூட்டின் உருவாகும்போது முதன்மை ஸ்டேட்டின் அந்தப் பாயிண்டர் தானாகவே அதற்கும் நகலாகும்.

எர்ரர் குதித்துப் போகும் வழி

சியில் எழுதிப் பழகியவருக்கு இதுதான் புரியக் கடினமான பகுதி. லுவாவில் எர்ரர் வந்தால் ஃபங்ஷன் ரிட்டர்ன் ஆவதில்லை. சியின் லாங்ஜம்ப் வழியாக, கடைசியாக அழைத்த லுவா_பிகால் (எர்ரரைப் பிடித்து நிறுத்தும் அழைப்பு) இருக்கும் இடத்துக்குக் குதிக்கும். இடையில் இருக்கும் சி ஃபங்ஷன்கள் பாதியிலேயே நிற்கும். அவை திறந்த ஃபைல், மால்லாக் செய்த நினைவகம், பூட்டிய மியூடெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் பூட்டு) எதுவும் திரும்ப வராது.

உதாரணத்துக்கு, மின்னழுத்தம் மாற்றும் உங்கள் சி ஃபங்ஷன். முதல் வரியில் கருவியின் மியூடெக்ஸைப் பூட்டுகிறீர்கள். இரண்டாம் வரியில் லுவாஎல்_செக்நம்பர் வைத்து ஸ்கிரிப்ட் கொடுத்த எண்ணை எடுக்கிறீர்கள். ஸ்கிரிப்ட் எழுதியவர் எண்ணுக்குப் பதில் ‘நில்’ (லுவாவில் ‘ஒன்றுமில்லை’ என்ற மதிப்பு) கொடுத்துவிட்டார். செக்நம்பர் எர்ரர் வீசும், குதிக்கும். மியூடெக்ஸ் பூட்டியபடியே நிற்கும். அடுத்து அந்தக் கருவியைக் கேட்கும் ஒவ்வொரு இடமும் வரிசையாக உறையும். திரையில் ஒரு எர்ரர்தான் தெரியும். மேசை முழுவதும் செத்திருக்கும்.

இதற்கு மருந்து வரிசைமுறைதான். முதலில் ஸ்கிரிப்ட் கொடுத்த எல்லாவற்றையும் சரிபார்த்து சி மாறிகளில் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் பூட்டுங்கள். பூட்டியிருக்கும் நேரத்தில் லுவாவின் எந்த ஃபங்ஷனையும் அழைக்காதீர்கள். லுவா_புஷ்ஸ்ட்ரிங்கூட வேண்டாம், ஏனென்றால் நினைவகம் போதாவிட்டால் அதுவும் எர்ரர் வீசும். வேலையை முடித்து, பூட்டைத் திறந்து, அப்புறம் விடையைப் புஷ் செய்யுங்கள். ஃபைல், மால்லாக் விஷயத்துக்கு யூசர்டேட்டா (சி தரவைச் சுமக்கும் லுவா பொருள்) ஒன்றுக்குள் அதை வைத்து ஜிசி மெட்டாமெத்தட் (அந்தப் பொருளைக் குப்பையில் அள்ளும்போது ஓடும் ஃபங்ஷன்) கொடுத்தால், குதித்துப் போனாலும் பின்னால் குப்பை அள்ளும்போது அது மூடப்படும்.

பிகால் எதுவும் இல்லாத இடத்தில் எர்ரர் வந்தால் லுவா பேனிக் ஃபங்ஷனை அழைக்கும். அது திரும்பி வந்தால் அபார்ட் அழைக்கும். மொத்த ப்ராசஸும் போயிற்று. ஆகவே நூலகம் திறப்பது, ஸ்கிரிப்ட் ஏற்றுவது உட்பட எல்லா வேலையையும் ஒரு சி ஃபங்ஷனுக்குள் வைத்து, அந்த ஃபங்ஷனையே பிகால் வழியாக ஓட்டுங்கள். லுவா_புஷ்சிஃபங்ஷனும் லுவா_புஷ்லைட்யூசர்டேட்டாவும் நினைவகம் கேட்காதவை என்பதால் பிகாலுக்கு வெளியே அழைக்கத் துணியலாம். எர்ரர் வந்தால் ஸ்டாக்கின் உச்சியில் செய்தி இருக்கும். அதை எடுத்துப் பதிவேட்டில் எழுதிவிட்டு, லுவா_செட்டாப் பூஜ்யம் என்று துடைத்துவிடுங்கள். துடைக்காமல் விட்டால் ஒவ்வொரு சுற்றிலும் ஸ்டாக் ஒரு படி உயரும். ஃபங்ஷனுக்கு லுவா உறுதி தரும் காலி இடம் 20 தான். அதற்கு மேல் லுவா_செக்ஸ்டாக் கேட்க வேண்டும்.

அடங்காத ஸ்கிரிப்ட்

நினைவகத்துக்கு முதலில் கடிவாளம் போடுவோம். லுவாஎல்_நியூஸ்டேட்டுக்குப் பதில் லுவா_நியூஸ்டேட் அழைத்தால் நினைவகம் தரும் ஃபங்ஷனை நீங்களே கொடுக்கலாம். லுவா அதற்கு நான்கு விஷயம் தரும்: உங்கள் ஸ்ட்ரக்டின் பாயிண்டர், பழைய துண்டின் முகவரி, பழைய அளவு, புதிய அளவு. புதிய அளவு பூஜ்யம் என்றால் ஃப்ரீ செய்துவிட்டு வெற்றுப் பாயிண்டரைத் திருப்ப வேண்டும். மற்றபடி ரியல்லாக். இடையில் கணக்குப் பார்த்து, இந்த இடம் 4 எம்பியைத் தாண்டுகிறது என்றால் வெற்றுப் பாயிண்டரைத் திருப்பிவிடலாம். லுவா உடனே ஒருமுறை குப்பை முழுவதையும் அள்ளிப் பார்த்து மறுபடி கேட்கும். அப்போதும் இல்லை என்றால் அந்த ஸ்கிரிப்டுக்கு மட்டும் நினைவக எர்ரர் வரும். மற்ற பதினொன்றும் நிம்மதியாக ஓடும். துண்டைச் சுருக்கச் சொல்லிக் கேட்டால் மட்டும் மறுக்காதீர்கள்.

கணக்கில் ஒரு வலை இருக்கிறது. பழைய முகவரி வெற்றாக இருக்கும்போது ‘பழைய அளவு’ என்று வருவது அளவே அல்ல. லுவா எந்த வகைப் பொருளை உருவாக்கப்போகிறது என்ற எண். 5.2 இலிருந்தே இப்படித்தான். இது தெரியாமல் அதைக் கழித்துக்கொண்டே போனால் கணக்கு மெல்ல மெல்லக் கீழே இறங்கி, ஒரு நாள் எதிர்மறையாகி, குறியில்லாத எண்ணாக இருந்தால் பிரம்மாண்டமாக மாறி நிற்கும். எங்கள் மேசை மூன்று மணி நேரம் ஓடிய பிறகே அது வெளிப்பட்டது. டெமோவில் எதுவும் தெரியாது.

அடுத்தது நேரம். முடிவில்லாத லூப்பை நிறுத்த ஒரு ஹுக்கை (ஓட்டத்தின் நடுவே லுவா அழைக்கும் உங்கள் ஃபங்ஷன்) லுவா_செட்ஹுக் வழியாக, கவுண்ட் மாஸ்கோடு, 10000 கட்டளைக்கு ஒருமுறை என்று வையுங்கள். அந்த ஹுக் உங்கள் ஸ்ட்ரக்டின் ‘நிறுத்து’ கொடியையும் கெடு நேரத்தையும் பார்த்து, தாண்டியிருந்தால் லுவாஎல்_எர்ரர் வீசட்டும். பொதுவாக இதுவே போதும். ஆனால் ஸ்கிரிப்டுக்குள்ளேயே ஒரு பிகால் இருந்தால்? உங்கள் எர்ரரை அது விழுங்கிவிட்டு அடுத்த சுற்றுக்குப் போகும். அதற்கு ஒரு உபாயம்: கெடு தாண்டியதும் ஹுக்குக்குள்ளேயே எண்ணிக்கையை 10000 இலிருந்து 1 ஆக மாற்றிவிடுங்கள். அப்புறம் ஒவ்வொரு கட்டளைக்கும் எர்ரர் வரும். பிகாலை விட்டு வெளியே வந்த அடுத்த அடியிலேயே மறுபடி விழும், மேலே மேலே வந்து உங்கள் சி பிகாலில்தான் நிற்கும். அடுத்த ஸ்கிரிப்டை ஓட்டுவதற்கு முன் எண்ணிக்கையைப் பழையபடி வைக்க மறக்காதீர்கள்.

இரண்டு குறைகள் இதில் உண்டு. ஹுக் கோரூட்டினுக்குக் கோரூட்டின் தனி. உருவாகும்போது தாயின் ஹுக்கை நகலெடுத்துக்கொள்ளும், பின்னால் நீங்கள் தாய்க்கு மாற்றினால் பிள்ளைக்குத் தெரியாது. ஆகவே ஸ்கிரிப்டை ஏற்றும் முன்பே ஹுக்கை வையுங்கள். இரண்டாவது, எண்ணப்படுவது லுவா கட்டளைகள்தான். ஸ்ட்ரிங்.ஃபைண்டுக்கு வில்லங்கமான பேட்டர்ன் ஒன்றைக் கொடுத்து சி நூலகத்துக்குள்ளேயே நிமிடக்கணக்கில் சுற்றவிட்டால் ஹுக் வரவே வராது. யாரென்றே தெரியாத ஒருவர் எழுதிய ஸ்கிரிப்டை ஓட்டுவதானால் இந்த வித்தையெல்லாம் போதாது. தனி ப்ராசஸில் ஓட்டி, அடங்காவிட்டால் கொன்றுவிடுங்கள். எங்கள் ஸ்கிரிப்ட்களை எழுதுபவர்கள் பக்கத்து மேசையில் இருப்பவர்கள். தவறு செய்வார்கள், சதி செய்ய மாட்டார்கள். அந்த அளவுக்குத்தான் இந்த வேலிகள்.

மூடும் வரிசை

கொடியை உயர்த்துங்கள். த்ரெட் தானே வெளியே வரும்வரை காத்திருங்கள். அந்த த்ரெட்டே தன் கடைசி வரியில் லுவா_குளோஸ் அழைக்கட்டும். வெளியிலிருந்து இன்னொரு த்ரெட் ‘மூடிவிட்டேன் அண்ணா’ என்று உதவிக்கு வரக் கூடாது. குளோஸ் ஆகும்போது மிச்சமிருக்கும் ஜிசி மெட்டாமெத்தட்கள் எல்லாம் ஓடும். அவை உங்கள் ஸ்ட்ரக்டைத் தேடும், நினைவகக் கணக்கும் அதில்தான் இருக்கிறது. ஆகவே ஸ்ட்ரக்டை ஃப்ரீ செய்வது குளோஸுக்குப் பிறகு, பித்ரெட்_ஜாயினுக்கும் பிறகு.

பெர்ல் வைத்திருப்பவர்களுக்கு

பெர்லில் பல இன்டர்பிரட்டர்கள் வேண்டும் என்றால், உங்கள் பெர்ல் அதற்காகக் கட்டப்பட்டிருக்க வேண்டும். டெர்மினலில் பெர்ல் கட்டளைக்குப் பெரிய ‘வி’ விருப்பமும் ‘யூஸ்மல்டிப்ளிசிட்டி’ என்ற பெயரும் கொடுத்துப் பாருங்கள். ‘டிஃபைன்’ என்று வர வேண்டும். உபுண்டு, டெபியனில் வரும் பெர்லில் அது இருக்கும்.

ப்ராசஸ் ஆரம்பத்தில் ஒரே ஒருமுறை பெர்ல்_சிஸ்_இனிட்3, கடைசியில் ஒரே ஒருமுறை பெர்ல்_சிஸ்_டெர்ம். இடையில் ஒவ்வொரு இன்டர்பிரட்டருக்கும் பெர்ல்_அலாக், பெர்ல்_கன்ஸ்ட்ரக்ட், பெர்ல்_பார்ஸ், பெர்ல்_ரன். முடியும்போது பெர்ல்_டிஸ்ட்ரக்ட், பெர்ல்_ஃப்ரீ. ஒவ்வொன்றுக்கும் பிஎல்_பெர்ல்_டிஸ்ட்ரக்ட்_லெவல் 1 என்று வைத்துவிடுங்கள், மூடும்போது முழுசாகத் துடைக்கும்.

லுவாவில் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் ஸ்டேட்டை நீங்களே கையில் கொடுக்கிறீர்கள். பெர்லில் ‘இப்போது எந்த இன்டர்பிரட்டர்’ என்பதை த்ரெட் ஒரு மறைவான இடத்தில் நினைவில் வைத்திருக்கிறது. இரண்டை மாறி மாறித் தொடுகிறீர்கள் என்றால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன் பெர்ல்_செட்_கான்டெக்ஸ்ட் அழைத்தே ஆக வேண்டும். ஓர் இன்டர்பிரட்டரை அதை உருவாக்காத த்ரெட் தொடும்போதும் அப்படியே. பலரும் மறப்பது மூடும்போது. நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் நாள் முழுவதும் ஒழுங்காக ஓடிய நிரல், நிறுத்தும்போது மட்டும் கிராஷ் ஆகும். ‘எப்படியும் நிறுத்தத்தானே போகிறோம்’ என்று யாரும் பார்க்கவில்லை. கடைசியில் பார்த்தால், இரண்டாவதன் கான்டெக்ஸ்ட் இருக்கும்போது முதலாவதை டிஸ்ட்ரக்ட் செய்துகொண்டிருந்தோம். டிஸ்ட்ரக்டுக்கு முன் ஒரு வரி செட்_கான்டெக்ஸ்ட். அவ்வளவுதான்.

சி மாட்யூல்களை ஏற்றும் பெர்ல் ஸ்கிரிப்ட் என்றால் எக்ஸ்எஸ்_இனிட் ஃபங்ஷன் தேவை. எக்ஸ்டியூட்டில்ஸ் எம்பெட் மாட்யூலே அதை எழுதித் தரும், கையால் எழுத வேண்டாம்.

பைத்தான்

பைத்தானில் சப் இன்டர்பிரட்டர்கள் வெகுகாலமாக உண்டு, ஆனால் எல்லாமே ஒரே ஜிஐஎல் பூட்டுக்குப் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் பைத்தான் நிரலை ஓட்ட விடும் பூட்டு) பின்னால் வரிசையில் நின்றன. 2023 இல் வந்த 3.12 இல்தான் ஒவ்வொன்றுக்கும் சொந்த ஜிஐஎல் கொடுக்க வழி வந்தது: பிஒய்_நியூஇன்டர்பிரட்டர்ஃப்ரம்கான்ஃபிக். இரண்டு எச்சரிக்கை. பிஒய்ஜிஐஎல்ஸ்டேட்_என்ஷ்யூர் என்ற பழைய பழக்கத்தை இங்கே கொண்டுவராதீர்கள். அது சப் இன்டர்பிரட்டர்களை மனதில் வைத்து எழுதியதல்ல, உங்களை முதன்மை இன்டர்பிரட்டருக்குள் கொண்டுபோய் விட்டுவிடும். அடுத்து, பழைய பாணியில் எழுதிய சி நீட்சிகளைத் தனி ஜிஐஎல் உள்ள இன்டர்பிரட்டர் ஏற்காது, இம்போர்ட் எர்ரர் கொடுக்கும். நம்பை (எண் கணக்குகளுக்கான நூலகம்) போன்ற கனமானவை தேவைப்பட்டால் தனி ப்ராசஸ்தான் என் சிபாரிசு. பைத்தானைத் தொடங்கும்போது பிஒய்_இனிஷியலைஸ்இஎக்ஸ் பூஜ்யம் என்று அழையுங்கள். உங்கள் சிக்னல் ஹேண்ட்லர்களின் மேல் அது கை வைக்காது.

இரண்டு மொழிகள் ஒரே நிரலில் என்றால், லுவாவிலிருந்து சி, சியிலிருந்து பெர்ல் என்று அழைப்பு போகும். எர்ரர் வீசும் பெர்லின் ‘டை’யும் குதித்துத்தான் போகும். ஜி_ஈவல் (எர்ரரை அங்கேயே பிடிக்கச் சொல்லும் கொடி) போடாமல் அழைத்தால் அது லுவாவின் அடுக்குகளைத் தாண்டிக் குதித்து, லுவாவுக்கு என்ன நடந்தது என்றே தெரியாமல் செய்துவிடும். எல்லைதோறும் பிடித்து, சாதாரண எர்ரர் எண்ணாக மாற்றி, மறுபக்கம் போய் அந்த மொழியின் எர்ரராக வீசுங்கள்.

ஓட்டிப் பார்ப்பது

லுவாவை லுவா_யூஸ்_ஏபிஐசெக் என்ற வரையறையோடு கம்பைல் செய்து ஒரு சோதனைப் பதிப்பு வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டாக்கில் இல்லாததை எடுப்பது, நிரம்பிய ஸ்டாக்கில் புஷ் செய்வது போன்றவற்றை அங்கேயே பிடித்துக் கொடுக்கும். அதே நிரலை ஜிசிசி கம்பைலரின் அட்ரஸ் சானிடைசரோடு (நினைவகத் தவறுகளைப் பிடிப்பது) ஒருமுறை, த்ரெட் சானிடைசரோடு (த்ரெட்களின் மோதலைப் பிடிப்பது) ஒருமுறை கட்டி ஓட்டுங்கள். இரண்டும் சேர்ந்து ஒரே பதிப்பில் ஓடாது. ஆல்பைன் லினக்ஸில் ஓட்டுபவர்கள் த்ரெட்டின் ஸ்டாக் அளவை நீங்களே சொல்லிவிடுங்கள். அங்குள்ள மசல் என்ற சி நூலகம் இயல்பாகத் தருவது 128 கேபிதான். ஆழமாகச் சுற்றும் ஸ்கிரிப்டுக்கு அது பற்றாது.

கடைசிச் சோதனை தம்பி எழுதியது. 12 த்ரெட், ஒவ்வொன்றிலும் ஸ்டேட்டை உருவாக்கு, ஏதாவது ஒரு ஸ்கிரிப்டை ஓட்டு, மூடு, மறுபடி உருவாக்கு. ஸ்கிரிப்ட்களில் மூன்றில் ஒன்று ஒழுங்கானது, ஒன்று நில் கொடுத்து எர்ரர் வீசுவது, ஒன்று நிற்காத லூப். மாலை ஆறு மணிக்கு ஓடவிட்டு வீட்டுக்குப் போய்விடுவோம். காலையில் வந்து பார்க்கும்போது நினைவகம் நேற்று ஏழு மணிக்கு இருந்த அளவிலேயே நின்றால்தான் மேசையை லாரியில் ஏற்றச் சொல்வோம்.